மறு: ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்குக்கு ‘உள்வலை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் கணினி. அது தன்னைத் தாங்கும் கணினியோடு பேசிக்கொள்ளும், வெளியே போகாத ‘ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்’கைத் தமிழாக்கத்தில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தது:

> ‘புரவலன்-மட்டும் வலை’ என்று நேராகவே வைத்துவிடலாம்.
> நீளம் என்று தோன்றினால் ‘உள்வலை’ போதும்.

இரண்டிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இன்டர்னல் நெட்வொர்க் என்று தனியாக ஒரு முறை உண்டு. அதில் மெய்நிகர் கணினிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். அவற்றைத் தாங்கும் கணினிக்கே அங்கு இடமில்லை. ஹோஸ்ட்-ஒன்லியில் தாங்கும் கணினியும், வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரியோடு, கூடவே இருக்கும். ‘உள்வலை’யை இங்கே செலவழித்துவிட்டால் இன்டர்னலுக்கு என்ன சொல்வோம்?

‘புரவலன்’ நல்ல சொல்தான். நினைவகமும் வட்டு இடமும் கொடுத்துக் காப்பது அந்தத் தாங்கும் கணினிதானே. சிக்கல் ‘மட்டும்’ என்பதில். படிப்பவர் புரவலன் மட்டும்தான் அந்த வலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். விருந்தாளிக் கணினி, அதாவது மெய்நிகர் கணினி, எங்கே போயிற்று?

போன மாதம் சில மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். நாட் முறையில் (தாங்கும் கணினியின் முகவரி வழியாக வெளியே போகும் முறை) இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டினார்கள். இரண்டும் 10.0.2.15 என்று ஒரே முகவரியைக் காட்டியதும் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட், அதனால் மோதல் இல்லை என்று விளக்கினேன். சரி, அப்படியென்றால் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியிலிருந்து புகுந்து கட்டளையிடும் முறை) வழியாக மெய்நிகர் கணினிக்குள் போவது எப்படி என்று கேட்டார்கள். நாட்டில் உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வர, போர்ட் ஃபார்வர்டிங் (தாங்கும் கணினியின் ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே திருப்பிவிடுவது) செய்தாக வேண்டும். அதைவிட இரண்டாவது அடாப்டரை (மெய்நிகர் வலை அட்டையை) ஹோஸ்ட்-ஒன்லியாகச் சேர்ப்பது சுலபம். அது என்ன வலை என்று கேட்டபோது வாயில் வந்தது இதுதான்: “பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும் இல்லையா? வீட்டுக்காரரும் விருந்தாளிகளும் அங்கே உட்கார்ந்து பேசலாம். தெருவில் போகிறவர் வர முடியாது, அங்கிருந்து நேரே தெருவில் இறங்கவும் முடியாது.” உடனே புரிந்துகொண்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘முற்றவலை’.

அப்புறம், பிரிட்ஜ்டுக்குப் ‘பாலவலை’ என்று எழுதிவருகிறோமே, அதையும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளில் இயல்பாகக் கிடைக்கும், 192.168.122 என்று தொடங்கும் முகவரிகள் கொண்ட வலை நாட் முறைதான், ஆனால் அதற்கு அடியிலும் ஒரு மென்பொருள் பாலம் இருக்கிறது. பாலம் என்பது கருவியின் பெயராகவே இருக்கட்டும். மெய்நிகர் கணினி வீட்டு ரவுட்டரிடமே நேரடியாக முகவரி வாங்கும் பிரிட்ஜ்டு முறைக்கு ‘நேரிணைப்பு’ பொருந்தும்.

முற்றவலையில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் முற்றம் என்றால் வீட்டுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கும் திறந்த வெளி. அங்கே படிப்பவருக்கு இந்தச் சொல் நேர்மாறான படத்தைக் காட்டிவிடும். ‘நடுமுற்றவலை’ என்றால் தெளிவாகும், ஆனால் திரையில் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். நாற்சார் வீடுகளின் உள்ளே இருக்கும் அந்தத் திறந்த இடத்தை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்? ஈழத்து நண்பர்கள் எழுதுங்கள். அதுவரை தமிழாக்கக் கோப்பில் அந்த வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.