ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னவர்களை நேரில் பார்த்ததுண்டா?

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் எங்கள் வீட்டில் டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி போட்டுவிடுவார்கள். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் என்ற மூன்று குரல்களும் எங்களுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. கூத்தபிரானை வானொலி அண்ணாவாக, சிறுவர் நிகழ்ச்சியில்தான் முதலில் தெரியும். அதே குரல் 'வாலாஜா சாலை முனையிலிருந்து' பந்து வருகிறது என்று சொன்னபோது, அண்ணா எப்போது கிரிக்கெட் பக்கம் வந்தார் என்று குழம்பியிருக்கிறேன். சாத்தான்குளத்து அப்துல் ஜப்பாரும் இலங்கை வானொலி நாடகங்களில் பழகிய குரல்தான். இது தற்செயல் இல்லை என்பது என் கட்சி. பந்து என்ன செய்தது என்று ஆட்டக்காரருக்குத் தெரியும். மைக் முன்னால் எங்கே மூச்சு விடுவது என்று நாடகக்காரருக்குத்தான் தெரியும்.

நேரில் பார்த்தது இவர்களை அல்ல, வேறொருவரை. பெயர் வேண்டாம். கல்லூரி நாட்களில் ஒரு ரஞ்சி ஆட்டத்தின்போது, தெரிந்தவர் ஒருவர் தயவில் வர்ணனை அறைக்குள் அரை மணி நேரம் ஓரமாக நிற்கக் கிடைத்தது. மனிதர் வங்கி ஊழியர். மேட்ச் நாட்களில் லீவு போட்டுவிட்டு வருவாராம். குரலை வைத்து ஆறடி ஆளைக் கற்பனை செய்திருந்தேன். இருந்தவர் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். மேசையில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் எதிரணி வீரர்களின் பெயர்களைத் தமிழில், உச்சரிக்க வேண்டியபடி எழுதி, அழுத்த வேண்டிய எழுத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

பக்கத்தில் ஸ்கோர் எழுதுபவர் துண்டுச் சீட்டைத் தள்ளுவார். உடனே எடுக்கமாட்டார். பந்து வீச்சாளர் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகுதான் கை போகும். இடைவேளையில் கேட்டேன். "வேகப்பந்து போடுறவன் நடந்து போற நேரம்தான் தம்பி நமக்கு மூச்சு. ஸ்கோர், ஃபீல்டிங், பழைய கதை எல்லாம் அதுக்குள்ள. சுழல்பந்துக்காரன் நாலடிதான் நடப்பான், அப்படி ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் போட்டா செத்தோம்" என்றார். அன்று முதல் ஸ்பின் போடும் ஓவர்களை ரேடியோவில் கேட்டால் அவர் நினைப்பு வரும்.

*

நல்ல பதிவு. எனக்கு நேரில் பார்த்த பாக்கியம் இல்லை. எங்கள் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவை வைக்கும் ஜாதி. அந்தக் காலத்தில் இரண்டும் ஒத்துப்போகும். இப்போது அப்படி முடியாது. டிஷ் ஆன்டெனா வழியாகப் படம் சில விநாடி தாமதமாக வருகிறது. டிவியில் பவுலர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே ரேடியோ 'அவுட்' என்று கத்திவிடும். அப்பா கோபப்பட்டது டிவி மேல்தான்.

1999 சென்னை டெஸ்டை நான் மறக்கமாட்டேன். பாகிஸ்தானுக்கு எதிராக 271 அடிக்க வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136. சக்லைன் பந்தில் அவர் அவுட்டானபோது இந்தியா 254. கடைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை ரேடியோ முன் நின்றுவிட்டேன். அதுவரை வர்ணனைக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த கூட்டம் பட்டென்று அடங்கியது. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று கடைக்காரர் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் நான்கே ஓட்டத்தில் மிச்ச மூன்று விக்கெட்டும் போய்விட்டது. 12 ஓட்டத்தில் தோல்வி. வாங்க வேண்டிய சாமானை வாங்காமலே வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினேன்.

*

கிரிக்கெட் மட்டும்தானா? எங்கள் பக்கம் கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. ரேடியோவில் வந்ததில்லை. ஆனால் ரெய்டு போகிறவனின் ஊர், அப்பா பெயர், போன வருடம் எந்தக் காலில் அடிபட்டது என்பதுவரை சொல்வார். ஒருமுறை பாட்டரி தீர்ந்து மைக் நின்றது. அவர் நிறுத்தவில்லை, வெறும் குரலிலேயே கடைசிவரை சொன்னார். மறுநாள் சந்தையில் பார்த்தேன். பேச்சே வரவில்லை. கத்தரிக்காய் விலையைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

முதல் பதிவு போட்டவன்தான். அந்த வங்கிக்காரரைப் பிறகு ஒரே ஒரு தடவை பேருந்தில் பார்த்தேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்ட குரலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். முன் சீட்டில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.