சொந்தமாக அமைத்த லெவல்களை வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடாட் 4 மென்பொருளில் ஒரு சிறிய இருபரிமாண விளையாட்டை உருவாக்கி வருகிறேன். காலிங்கராயன் வாய்க்காலை மனத்தில் வைத்து, பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் முடியும்படி லெவல்களை அமைத்திருக்கிறேன். கதைநாயகன் கரையோரம் ஓடி, உடைப்புகளைத் தாண்டி, மதகுகளைத் திறந்தும் மூடியும் கடைமடை வயல் வரை தண்ணீரைக் கொண்டு சேர்க்க வேண்டும். பொங்கல் விடுமுறையில், தனியாட்களும் விளையாட்டுகளை வெளியிடக்கூடிய இட்ச் (itch.io) தளத்தில் வெளியிட எண்ணியிருக்கிறேன்.

எல்லா லெவல்களையும் நான் தடங்கலின்றி முடித்துவிடுகிறேன். உடனிருந்து பார்த்துவரும் என் சித்தி மகன், விளையாட்டு மிகவும் எளிதாக இருக்கிறது என்கிறான். திருப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோ மூன்றாவது லெவலைத் தாண்ட முடியாமல் பாதியிலேயே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருவரில் யார் சொல்வதை நம்புவது? வெளியிடுவதற்கு முன் எந்த வரிசையில், யாரைக் கொண்டு, எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தறிக்கூடம் (ஈரோடு) எழுதியது:

தம்பி, ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியுமா என்பதைக் காகிதத்திலேயே அறிந்துகொள்ளலாம். அதற்காக ஒரு மனிதரின் பொறுமையைச் செலவிட வேண்டியதில்லை.

கோடாட் 4 தரும் மாதிரி நிரலில் ஓட்ட வேகம் நொடிக்கு 300 பிக்சல், குதிப்பு வேகம் 400, ஈர்ப்பு 980 என்று இருக்கும். நீங்கள் எண்களை மாற்றியிருந்தாலும் வழி இதுதான். குதிப்பு வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 82 பிக்சல்தான் நாயகன் எழும்பக்கூடிய உச்ச உயரம். குதிப்பு வேகத்தை ஈர்ப்பால் வகுத்து இரட்டித்தால் அவன் காற்றில் இருக்கும் நேரம், அதாவது 0.82 நொடி, கிடைக்கும். அதை ஓட்ட வேகத்தால் பெருக்கினால் சமதளத்தில் அவன் தாண்டும் தூரம் ஏறத்தாழ 245 பிக்சல். உங்கள் டைல், அதாவது லெவலை அடுக்கும் சதுரக் கட்டம், 32 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், உயரத்தில் இரண்டரை டைலும் அகலத்தில் ஏழரை டைலுக்குச் சற்று மேலும் அவனுடைய எல்லை.

இப்போது மூன்றாவது லெவலைத் திறந்து உடைப்புகளை அளந்து பாருங்கள். ஒரு பள்ளம் ஏழு டைல் அகலம் என்றால் அது 224 பிக்சல். எல்லைக்கு மீதி 21 பிக்சல்தான். நாயகனின் உடல் அகலத்தைச் சேர்க்காமல் பார்த்தால், நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் அந்த 21 பிக்சல் வெறும் நான்கு பிரேம் நேரம். பழகிய விரலுக்கு அது போதும், புதியவருக்குப் போதாது. எதிர்க்கரை இரண்டு டைல் உயரத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே எல்லையே ஏறத்தாழ 179 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. அத்தகைய இடத்தில் ஆறு டைல் பள்ளம் வைத்தால், உடல் அகலம் தருகிற சிறு சலுகையால் மட்டுமே தாண்ட முடியும். படத்தில் பார்க்கும்போது இரண்டு பள்ளங்களும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால்தான் அளக்கச் சொல்கிறேன்.

விளிம்பை விட்டு நீங்கிய பிறகும் ஆறு பிரேம் வரை குதிக்க அனுமதிக்கும் கொயோட்டி டைம் ஏற்பாட்டைச் சேர்த்தால், ஓட்ட வேகத்தில் ஏறத்தாழ 30 பிக்சல் கூடுதலாகக் கிடைக்கும். கைப்பேசியில் விளையாடுபவருக்கு இதை நான் சலுகையாகக் கருதமாட்டேன். கட்டாயம் இருக்க வேண்டியது என்றே சொல்வேன். மேலும், இயக்கக் கணக்கை நிரலின் பிசிக்ஸ் பிராசஸ் பகுதியில்தான் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே நொடிக்கு 60 முறை என்ற சீரான கணக்கு இயல்பாகவே இருக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒருமுறை ஓடும் சாதாரண பிராசஸ் பகுதியில், பிரேம்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் எழுதியிருந்தால், நொடிக்கு 144 முறை படம் மாறும் திரையில் ஓடுவது வேறொரு விளையாட்டாகவே இருக்கும். உங்கள் மடிக்கணினியில் செய்த சோதனை எதற்கும் பயன்படாது.

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

மேலே அக்கா சொன்ன கணக்கை முடித்துவிட்டு இதைப் படியுங்கள் தம்பி.

உங்கள் சித்தி மகனும் உண்மையைத்தான் சொல்கிறார், நண்பரும் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் சித்தி மகன் லெவல்கள் உருவாவதை உடனிருந்து பார்த்தவர். எந்த மதகு எந்தக் கிளையைத் திறக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒரு லெவலை ஒருவர் முதல்முறை பார்ப்பது ஒரே ஒருமுறைதான் நடக்கும். அவரிடம் அது முடிந்துவிட்டது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய புதிய கண்களை எண்ணி எண்ணிச் செலவு செய்யுங்கள். ஐந்து பேர் கிடைத்தால் ஐவரையும் ஒரே மாலையில் உட்கார வைக்காதீர்கள். இருவருக்குக் கொடுங்கள், அவர்கள் தடுமாறிய இடங்களைத் திருத்துங்கள், பிறகு அடுத்தவரிடம் செல்லுங்கள்.

அவர்கள் விளையாடும்போது நீங்கள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. இது மிகவும் கடினம். நாம் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த இடத்தில் ஒருவர் எதிர்த்திசையில் ஓடும்போது கை தானாக நீளும், “அங்கே இல்லைங்க, மேலே பாருங்க” என்று நா துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அத்துடன் கெட்டது, ஏனென்றால் வெளியிட்ட பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஒரு நோட்டில் எந்த இடத்தில் நின்றார், எங்கே திரும்பிச் சென்றார், எங்கே பொத்தானைக் காரணமின்றி அழுத்தினார் என்று மட்டும் எழுதுங்கள்.

முடிந்த பிறகு “பிடித்திருந்ததா?” என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. “நல்லாருக்குங்க” என்பார்கள், அதிலிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்காது. “இந்த மதகைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்தீர்கள்?”, “எந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும்.

இன்னொன்று, உங்கள் நண்பர் கைப்பேசியில்தான் விளையாடியிருக்கிறார். நீங்கள் விசைப்பலகையில் சோதிக்கிறீர்களா? தொடுதிரையில் இரண்டு கட்டைவிரல்களும் கீழ் மூலைகளை மறைத்துவிடும். அங்கே முள்ளையோ உடைப்பையோ வைத்திருந்தால் அவர் அதைக் காணவே வாய்ப்பில்லை. கேமராவைச் சற்றுக் கீழிறக்கி, நாயகன் திரையில் மேலே தெரியும்படி செய்து பாருங்கள்.

நேரில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1993இல் வந்த டூம் விளையாட்டில் வீரரின் விசை அழுத்தங்களையே ஒரு சிறு கோப்பாகப் பதிவுசெய்து, பிறகு அப்படியே ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. அதற்கு லெவல் அமைப்பவர்கள் சோதனையாளர்களிடம் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுண்டு. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நாயகன் விழும் ஒவ்வொரு முறையும் லெவலின் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள், சோதிப்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு. அந்தப் புள்ளிகளை லெவல் படத்தின் மேல் சிவப்பாக வரைந்தால், எந்த உடைப்பு ஆளை விழுங்குகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வாய்க்கால்மேடு:

மிக்க நன்றி அக்கா, அண்ணா. அளந்து பார்த்தேன். நண்பர் நின்ற இடம் ஆறு டைல் அகலம், எதிர்க்கரை இரண்டு டைல் உயரம். அக்கா சொன்ன அதே அமைப்பு. ஐந்து டைலாகக் குறைத்திருக்கிறேன். இன்னொரு ஐயம்: வாய்க்காலைக் கடந்த பிறகு பின்னால் உள்ள மதகை மூடிவிட்டால், தண்ணீர் வற்றி மிதவை தரைதட்டிவிடுகிறது. திரும்பவும் முடியாது, முன்னேறவும் முடியாது, நாயகன் சாவதும் இல்லை. இத்தகைய இடங்களை முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி?

மலையடிவாரம் (சத்தியமங்கலம்) எழுதியது:

மதகுகள் உள்ள விளையாட்டுக்கு இதுதான் மிகப் பெரிய ஆபத்து. வீரர் தோற்றால் மறுபடி தொடங்குவார். சிக்கிக்கொண்டால் தன் தவறா விளையாட்டின் தவறா என்று தெரியாமல் கால் மணி நேரம் தேடிவிட்டு வெறுத்துப் போவார்.

ஒரு லெவலில் மூன்று மதகுகள் இருந்தால் திறந்தும் மூடியும் எட்டு நிலைகள்தான் வரும், நான்கு என்றால் பதினாறு. ஒரு காகிதத்தில் எல்லா நிலைகளையும் எழுதி, ஒவ்வொரு கரையிலும் நாயகனை நிறுத்தி, அங்கிருந்து வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே தப்பாக விளையாடுங்கள்: தேவையில்லாத மதகை மூடுங்கள், மிதவையைத் தவறான கரையில் விட்டுவிட்டு நடங்கள். சிக்கும் இடத்தை அடைத்துவிட முடிந்தால் நல்லது. முடியாத இடத்தில், லெவலை மறுபடி தொடங்கும் பொத்தான் நிறுத்துத் திரையில் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

இடைநிலைச் சேமிப்புக் கம்பங்கள் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே தொடங்கி இறுதி வரை சென்று பாருங்கள். லெவல்களை அமைத்துப் பகிரும் சூப்பர் மாரியோ மேக்கர் 2 விளையாட்டில், தான் அமைத்த லெவலைத் தானே முடித்துக் காட்டாமல் அமைப்பவர் அதைப் பதிவேற்ற முடியாது. நல்ல விதிதான், ஆனால் அது காட்டுவது முடிக்க முடியும் என்பதை மட்டுமே. கம்பத்திலிருந்து மீண்டும் உயிர்பெறும்போது மதகுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா, எடுத்த சாவி கையில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கோடாட் எடிட்டருக்குள் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீரர்களுக்குக் கொடுப்பதற்காக ஏற்றுமதி செய்த கோப்பையே சோதியுங்கள். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படாததால் படம் வந்துவிடும். ஏற்றுமதிக்குப் பிறகு அந்த வேறுபாடு முக்கியமாகிவிடுவதால் அதே படம் காணாமல் போகும். விழுந்த இடங்களைப் பதியும் கோப்பையும் திட்டக் கோப்புறைக்குள் எழுத முடியாது; ஏற்றுமதி செய்த விளையாட்டில் அது படிப்பதற்கு மட்டுமே. பயனர் கோப்புறைக்குள் எழுதுங்கள்.

தறிக்கூடம்:

நொய்யல்கரை அண்ணா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஐந்து பேரும் விளையாட்டுப் பழக்கம் உள்ளவர்களாக இருந்துவிடக் கூடாது. கைப்பேசியில் விளையாடியே பழகாத ஒருவரையாவது முதல் லெவலுக்கு மட்டும் உட்கார வையுங்கள். குதிப்பதற்கு எந்தப் பொத்தான் என்பதை உங்கள் முதல் திரை சொல்கிறதா இல்லையா என்பது அவரிடம்தான் தெரியும்.

வாய்க்கால்மேடு:

சரிங்க அக்கா. முதல் லெவலை அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர் இன்னும் பார்க்கவில்லை. மிதவை சிக்கும் இடத்தில், நாயகன் நிற்கும் கரையிலிருந்தே திறக்கும்படி இரண்டாவது மதகு ஒன்றைச் சேர்த்து வருகிறேன். அது முடிந்ததும் ஏற்றுமதிக் கோப்பைக் கடவுச்சொல் வைத்த பக்கத்தில் போட்டுவிட்டு, திருப்பூர் நண்பரின் அறைத்தோழர்கள் இருவருக்கு முதலில் அனுப்புகிறேன்.