ஃபீலர் கேஜ் சரி என்கிறது, டுவெல் மீட்டர் தவறு என்கிறது: எதை நம்புவது?

கேள்வி:
என்னிடம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடர் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4 வகை. அதனுள் காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சி.பி. பாயிண்டின் (காண்டாக்ட் பிரேக்கர்) இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகட்டை வைத்து 0.38 மி.மீ. அளவுக்குச் சரிசெய்தேன். ஆனாலும் பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும், இரவல் வாங்கிய டுவெல் மீட்டர் 53 பாகை என்றே காட்டுகிறது. 60 பாகை இருக்க வேண்டும், மூன்று கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை என்று படித்திருக்கிறேன். பாயிண்ட் புதியதல்ல. எந்த அளவு சரி?

பதில் 1:
மீட்டரை நம்புங்கள். ஓடித் தேய்ந்த பாயிண்டின் ஒரு முகத்தில் மேடும் எதிர்முகத்தில் குழியும் உண்டாகியிருக்கும். ஃபீலர் கேஜின் தகடு அந்த மேட்டின் மீதே உட்காருவதால், உண்மையான இடைவெளி தகட்டின் அளவைவிட அதிகமாகவே இருக்கும். இடைவெளி கூடினால் பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், அதாவது டுவெல், குறையும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பொறிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு 90 பாகை சுழல்கிறது. அதில் 60 பாகை பாயிண்ட் மூடியிருக்க, காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது இதற்குக் கிடைக்கும் நேரம் 6.7 மில்லி விநாடி மட்டுமே. 6000 சுற்றில் அதிலும் பாதி. டுவெல் குறைந்தால் அதிவேகத்தில் பொறி வலுவிழப்பது இதனால்தான்.

புதிய பாயிண்ட் போட்டு 60க்குக் கொண்டுவந்தபின் டைமிங்கையும், அதாவது பொறி விழும் கணத்தையும், மறுபடி பாருங்கள். டுவெல் ஒரு பாகை கூடினால் டைமிங் கிராங்க் தண்டின் கணக்கில் ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்கும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொடுவது இரட்டை வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. டுவெல் மீட்டர் இல்லாதவர்கள், டியூட்டி சைக்கிள் (ஒரு சுழற்சியில் எத்தனை சதவீத நேரம் என்பது) அளக்கும் மல்டிமீட்டரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்க்கலாம். 90 பாகையில் 60 பாகை என்பது 67 சதவீதம். பல மீட்டர்கள் பாயிண்ட் திறந்திருக்கும் பங்கைக் காட்டுவதால் 33 என்று வந்தாலும் பதற வேண்டாம். ஆனால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் அம்முனையில் சில நூறு வோல்ட் எழும் என்பதால், அதைத் தாங்காத மலிவான மீட்டரை அங்கே வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. புதிய பாயிண்டில் ஐடிலிங்கில் 60 வந்துவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் 55க்கு இறங்குகிறதே?

பதில் 1:
இரண்டு மூன்று பாகைக்கு மேல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டரில் தேய்மானம் இருக்கிறது. பாயிண்ட் அமர்ந்திருக்கும் தகட்டை நகர்த்தும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அப்போது ஆட்டம் நின்றால் அந்தத் தகடு தளர்ந்துள்ளது. நிற்காவிட்டால் தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். மூடியைக் கழற்றி, தண்டைப் பக்கவாட்டில் அசைத்தாலே அது கைக்குத் தெரிந்துவிடும்.