எஸ்விஎம் பட்டியலில் கோப்புச் சர்வரின் நெட்வொர்க் பெயர் வரவில்லை

கேள்வி (காட்பாடி):
வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் நெட்ஆப் சேமிப்பகத்தைப் பராமரித்து வருகிறேன். ஊழியர்களின் டிரைவ் மேப்பிங்கை (பகிர்வுக் கோப்புறையைக் கணினியில் ஒரு டிரைவாக இணைக்கும் அமைப்பை) புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மெய்நிகர் கோப்புச் சர்வரும் நெட்வொர்க்கில் எந்தப் பெயரால் அறியப்படுகிறது என்பதை நெட்ஆப்பின் இயங்குதளமான ஆன்டாப்பின் ரெஸ்ட் ஏபிஐ (நிரல் வழியாகத் தகவல் கேட்கும் இடைமுகம்) மூலம் எடுக்க முயல்கிறேன். எஸ்விஎம்களை, அதாவது அந்த மெய்நிகர் சர்வர்களை, கேட்டால் பெயரும் யூயூஐடி என்ற தனித்த அடையாள எண்ணும் மட்டுமே வருகின்றன. அந்தப் பெயரைக் கொடுத்தால் பகிர்வுக் கோப்புறை திறப்பதில்லை. ஐபி முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது. முகவரியையே மேப்பிங்கில் வைத்துவிடலாமா?

பதில் (ஆற்காடு):
வேண்டாம் ஐயா. முகவரியைக் கொண்டு இணைந்தால் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க, விண்டோஸ் வழக்கமாக கெர்பரோஸை விட்டு, பழைய, பாதுகாப்புக் குறைந்த என்டிஎல்எம் முறைக்குப் போய்விடும். எஸ்விஎம் பெயர் கிளஸ்டருக்குள் (சேமிப்பகக் கருவிகளின் தொகுப்புக்குள்) மட்டும் வழங்கும் அடையாளம். பயனர்களின் கணினிகள் அறிந்தது, ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர், கணினிப் பதிவேட்டில்) கணினிக் கணக்காகப் பதிவான சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) சர்வரின் பெயரை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னதற்கு 15 எழுத்து வரம்பும் உண்டு. 'ராணிப்பேட்டை-ஃபைல்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் RANIPETTAI-FILES என்று எழுதினால் இடைக்கோட்டுடன் 16 ஆகிவிடுவதால், அமைத்தவர் எங்கேனும் ஓர் எழுத்தைக் குறைத்தே தீர வேண்டும். ஆகவே ஏபிஐயின் புரோட்டோகால்ஸ் பிரிவில் சிஐஎஃப்எஸ் சர்வீசஸ் பாதையைக் கேளுங்கள். சர்வர் பெயர், அது சார்ந்த எஸ்விஎம், டொமைனின் முழுப்பெயர், நெட்பயாஸ் மாற்றுப்பெயர்கள் (அதே சர்வரை விண்டோஸ் நெட்வொர்க்கில் அழைக்க உதவும் கூடுதல் பெயர்கள்) ஆகிய புலங்களை ஃபீல்ட்ஸ் அளவுருவில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கேட்காத புலம் வராமல் போகலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் வடிவமைப்புப் பிரிவின் லினக்ஸ் கணினிகள் பயன்படுத்தும் எஸ்விஎம் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

பதில் (ஆற்காடு):
அதில் என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு முறை) மட்டும் இயங்குகிறது என்றால் சிஐஎஃப்எஸ் சர்வரே இருக்காது. அதற்கான பெயர், பெயர்களையும் ஐபி முகவரிகளையும் இணைக்கும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும். நெட்வொர்க் பிரிவின் ஐபி இன்டர்ஃபேசஸ் பாதையில் முகவரி, எஸ்விஎம் பெயர், சர்வீசஸ் ஆகிய மூன்றையும் கேட்டு, டேட்டா என்எஃப்எஸ் சேவை உள்ள முகவரிகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் பிடிஆர் பதிவை (முகவரியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவை) தேடுங்கள். வடிகட்டாவிட்டால் நிர்வாகத்துக்கான முகவரியும் கலந்து வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அவ்வாறே செய்தேன், பிடிஆர் பதிவும் சரியாக இருந்தது. முன்பு பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட விண்டோஸ் சர்வரின் பெயர் நெட்பயாஸ் மாற்றுப்பெயராக இன்னும் இருக்கிறது. கணக்குப் பிரிவினர் இன்றும் அதன் வழியாகவே இணைகிறார்கள் என்பதால், அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.