கிட்டார்காரர் டாக் வாட்சனின் முதல் ஆல்பம் (1964): பிளாக் மவுண்டன் ராக் (Rag) ட்யூனில் பிக் மாட்டுது

ஆறுகம்பி:
வேன்கார்ட் கம்பெனி வெளியிட்ட அந்த ஆல்பத்தோடு சேர்ந்து கிட்டார் வாசிக்கிறேன். பாட்டு டி கீ (ஆதார சுருதி டி). ஆனா டி கார்டு பிடிச்சா மெலடி கைக்கு வரல. வேகம் கூட்டினா பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) கம்பியில மாட்டுது. பிக் தடிமன் 0.6 மி.மீ. அதே ஆல்பத்துல வர்ற டீப் ரிவர் புளூஸுக்கும் இதே பிக் போதுமா?

கேபோராஜா:
டி வடிவத்தை விடுங்க. கேபோ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) 2-ஆம் ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல இருக்கிற குறுக்குக் கட்டை), கை சி வடிவத்துல. காதுக்கு டி-யாத்தான் கேட்கும். சி கார்டை முடிஞ்சவரை தூக்காம வைங்க, பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து ஒலிக்கும். கேபோ ஃப்ரெட்டை ஒட்டியே இருக்கணும். மாட்டினதும் மறுபடி டியூன் பண்ணுங்க, அழுத்தம் அதிகமானா தடிச்ச கம்பிகள் சுருதி ஏறிடும். ஃபிடில்காரர்கள் (நாட்டுப்புற வயலின் வாசிக்கிறவங்க) இந்த ட்யூனை ஏ கீயில, கம்பிகளையே ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்னு மாத்தி வாசிப்பாங்க. அவங்களோட உட்கார்ந்தா கீயை முதல்ல கேட்டுக்குங்க.

மேல்கீழ்:
0.6 வளைஞ்சு தாமதமா திரும்பும், அதான் மாட்டுது. 1.0-லிருந்து 1.5 வரை எடுங்க, நுனி 2–3 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும்.

அதைவிட முக்கியம் கையோட திசை. தாளத்துல விழுற சுரத்துக்கு கீழ், இடையில வர்றதுக்கு மேல். இடையில ஹேமர்-ஆன் (மீட்டாம, இடது விரலைக் கம்பியில தட்டி எழுப்புற சுரம்) வந்தா அந்த மேல்வீச்சு கம்பியைத் தொடாம காத்துல போகணும். அங்க கையை நிறுத்தினா அடுத்த சுரம் தப்பான திசையில விழும், அதுக்கப்புறம் எல்லாம் சிக்கல்தான். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு 4 சுரம். நாலு நாலா ஏத்துங்க, முன்கை இறுகினா இறக்குங்க.

டாக் ஆல்பத்துக்கு முன்னாடி நடன பேண்டுல எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சவர். பேண்டுல ஃபிடில் இல்லாததால ஃபிடில் ட்யூன்களை அதுலயே வாசிச்சார். புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசைவகை) பேண்டுக்காரர்னு அவரைச் சொல்ல முடியாது, ஆனா கிளாரன்ஸ் வைட் மாதிரி புளூகிராஸ் கிட்டார்காரங்க இவரைக் கேட்டுத்தான் லீடுக்கு (மெலடியை முன்னால நின்னு வாசிக்கிறதுக்கு) வந்தாங்க.

கட்டைவிரல்:
டீப் ரிவருக்கு பிக்கை கீழ வைங்க தம்பி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான். ஈ கீ, கேபோ வேணாம். கட்டைவிரல் 6-ஆம், 4-ஆம் கம்பிகளை மாத்தி மாத்தி அடிக்கும். உள்ளங்கை விளிம்பை பிரிட்ஜ் (கிட்டார் உடம்புல கம்பிகள் பொருந்துற கட்டை) ஓரம், பேஸ் (தடிச்ச) கம்பிகள் மேல மட்டும் லேசா வைங்க. உள்ளே நகர்ந்தா சத்தமே செத்துடும். ஈ-க்கு அடுத்து வர்றது ஈ டிமினிஷ்ட் கார்டு: 4-ஆம் கம்பியிலிருந்து 1-ஆம் கம்பி வரை ஃப்ரெட் 2, 3, 2, 3. தாளம் தப்பி வர்ற மெலடி சுரத்துல கட்டைவிரல் நின்னுபோறதுதான் வழக்கமான தப்பு. பேஸை மட்டும் பேசிக்கிட்டே வாசிக்க முடியற வரைக்கும் மெலடியைத் தொடாதீங்க.