தயிர் இருக்க சீரம் எதுக்கு?

தயிர்ச்சட்டி: முகத்தில செத்த தோலைக் கழட்ட 10% லக்ரிக் அசிட் சீரம் எண்டு போத்தலுக்குக் காசைக் கொட்டுறாங்களாம். கிண்ணியா எருமைத் தயிர்லயும் அதே அசிட்தான். பூசி 20 நிமிசத்தில கழுவுங்க, முடிஞ்சுது.

கச்சான்காத்து: பிஎச் எத்தனை? புளிப்பின்ர அளவு அது, குறையக் குறையப் புளிப்புக் கூடும். தயிர் கிட்டத்தட்ட 4.5. அதில அசிட் 1% அளவு. அதிலயும் அந்தப் பிஎச்சில ஐஞ்சில ஒரு பங்குதான் தோல்ல வேலை செய்யும், மிச்சம் லக்ரேற் உப்பாக் கிடக்கும். ஆக 0.2%. 10% சீரத்தை 3.8இல வச்சா பாதிக்கு மேல வேலை செய்யும்.

தயிர்ச்சட்டி: துணியில கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கலாமே. விஞ்ஞானிக்கு அது தோணேல்லயோ?

கச்சான்காத்து: அசிட் வடியிற தண்ணியோட போயிடும் ஐயா. கூடுறது கொழுப்பும் புரதமும். பிஎச் அதே 4.5. எலுமிச்சம்பழத்தைப் பற்றி முந்திக் கதைச்ச திரியிலயும் இதைத்தான் கேட்டன், ஓடிட்டீங்க.

உப்புவெளி: 80% லக்ரிக் அசிட் திரவம் வாங்கினா வீட்டிலயே 5% கலக்கலாம். 100 கிராமுக்கு 6.25 கிராம். மில்லிலீற்றர்ல அளந்திடாதீங்க, தண்ணியைவிடப் பாரம், 6% ஆயிடும்.

கச்சான்காத்து: பிஎச் சொல்லாமக் குறிப்பு எழுதாதீங்க தங்கச்சி! சும்மா கலந்தா 2க்குக் கிட்ட நிக்கும், முகம் வெந்திடும். சோடியம் லக்ரேற் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து 3.8க்கு ஏத்தணும். அப்பச்சோடா போட்டா நுரை அடங்குமட்டும் பிஎச் பாக்கிற தாள் சரியாக் காட்டாது. 1998இல அமெரிக்க அழகுசாதன நிபுணர் குழு சொன்ன எல்லை: 10%க்கு மேல வேண்டாம், பிஎச் 3.5க்குக் கீழ வேண்டாம்.

கன்னியா_7: அது லாக்டிக். லக்ரிக் இல்ல.

உப்புவெளி: போத்தல் தமிழ்நாட்டில இருந்து வந்தா லாக்டிக், நம்மட சயன்ஸ் சேர் சொன்னா லக்ரிக். வேற வேலை இல்லயா?

தயிர்ச்சட்டி: சீரம் பூசிட்டு நிலாவெளி வெயில்ல நிண்டு பாருங்க. மேல்தோல் கழண்ட முகத்தை வெயில் சும்மா விடுமா? அதைச் சொல்ல மட்டும் வாய் வரேல்ல.

கச்சான்காத்து: கிழமைக்கு 2 ராத்திரி, காஞ்ச முகத்தில. சுருக்கத்துக்கு ரெட்டினோல் பூசுற நாள்ல வேண்டாம். பகல்ல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், சீரத்தை நிப்பாட்டினாலும் இன்னும் ஒரு கிழமைக்கு. தயிருக்கு வெயில் பயமில்ல எண்டா, அது ஒண்டும் செய்யாததாலதான். 4.5!

கன்னியா_7: மூதூர்த் தயிர் இன்னும் புளிப்பு. அதுக்கு எத்தனையாம்?

தயிர்ச்சட்டி: மூதூர்த் தயிரைத் தயிரெண்டு சொல்றவரோட எனக்குக் கதை இல்ல.

கச்சான்காத்து: 4.2 எண்டு வச்சாலும் மூண்டில ஒரு பங்குதான். பாணி விட்டுச் சாப்பிடுங்க.

தயிர்ச்சட்டி: அப்ப ஐஞ்சில ஒண்டு எண்டது பொய்!