கட்சிக்குப் பட்டப்பெயர் வைப்பது யார்?

உசிலம்பட்டியான்:
எங்கள் அப்பத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காங்கிரஸ் என்ற சொல் அது வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்கும் 'மாட்டுப்பெட்டிக்காரன்' தான். ஃபார்வர்டு பிளாக் என்றால் 'சிங்கம்'. போன வாரம் மகன் 'ஐந்து கண்கள்' என்ற உளவுக் கூட்டணியைப் பற்றிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். "மூணு கண்ணன் தெரியும், அதென்னடா அஞ்சு கண்ணன்?" என்று கேட்டுவிட்டது. எனக்கும் பதில் தெரியவில்லை. இந்தப் பெயர்களை எல்லாம் யார்தான் வைக்கிறார்கள்?

வைகைக்கரை:
அப்பத்தா பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்கும். 1952, 1957 தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. எழுத்து தெரியாதவர்கள் மாட்டுப் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். 1971-ல் இந்திரா பசுவும் கன்றுமாக வந்தார், அப்புறம் கை வந்தது. உங்கள் வீட்டில் மட்டும் மாடு நின்றுவிட்டது!

படித்தவர்களும் இப்படித்தான். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்றால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? 1917-ல் அவர்கள் தொடங்கிய ஆங்கில நாளிதழின் பெயர் 'ஜஸ்டிஸ்'. பத்திரிகையின் பெயரே கட்சிக்கு ஒட்டிக்கொண்டது, நீதிக்கட்சி ஆகிவிட்டது.

மாசிவீதி வாத்தியார்:
ஐந்து கண்கள் ஆபீஸ் கோப்பிலிருந்து பிறந்த பெயர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஐந்து நாட்டுப் பெயரையும் போட்டு, 'இவர்கள் கண்ணுக்கு மட்டும்' என்று ரகசியத் தாளில் குறிப்பார்கள். நாலு தடவை சொன்னால் வாய் வலிக்கும், சுருக்கிவிட்டார்கள்.

எதிரி வைத்த பெயரும் உண்டு. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரரைச் சொல்லும் 'டோரி' என்பது முதலில் அயர்லாந்துக் கொள்ளைக்காரனைக் குறித்த வசவு. திட்டு வாங்கியவர்களே பிறகு அதைச் சூடிக்கொண்டார்கள். தானே வைத்துக்கொண்டதற்கு இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைச் சொல்லலாம். 1936 நவம்பரில் மிலானில் பேசும்போது, ரோமையும் பெர்லினையும் இணைக்கும் கோடு ஓர் அச்சு என்றார், மற்ற நாடுகள் அதைச் சுற்றி வரலாமாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் அணிக்கு 'அச்சு நாடுகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அச்சகம் என்றே நினைப்பார்கள். வண்டி அச்சு என்று விளக்க வேண்டியிருக்கும்.

உசிலம்பட்டியான்:
வாத்தியார் ஐயா, வண்டி அச்சு என்றதும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. "வண்டி ஓடுச்சா?" என்று கேட்டது. 1945-ல் முறிந்துவிட்டது என்றேன். "மாடு?" என்கிறது.